மகியங்கனையில் கிறுகினேன்

ஊரிலிருந்து அழைப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியில்தான் தொடங்குவார்கள். "தம்பி, பைலட்டுக்குப் படிக்க எவ்வளவு முடியும்?" ஆரையம்பதியில் தொடங்கி தாழங்குடா, கிரான்குளம், குருக்கள்மடம் வரைக்கும் யாரோ ஒருவர் யாரிடமோ என் இலக்கத்தை வாங்கிவிடுகிறார். பிள்ளை உயர்தரத்தில் கணிதப் பிரிவு எடுத்திருக்கும். மூன்று பாடமும் சித்தி. பொறியியல் பீடத்துக்கு வெட்டுப்புள்ளி காணாது. அப்போதுதான் வீட்டில் யாருக்காவது விமானம் நினைவுக்கு வரும்.

நான் தொகையைச் சொல்வதில்லை. முதலில் பிள்ளையைக் கொழும்புக்குக் கூட்டிப்போய், சிவில் விமான சேவைகள் அதிகாரசபை அங்கீகரித்த மருத்துவரிடம் முதலாம் வகுப்பு மருத்துவப் பரிசோதனையைச் செய்யுங்கள், அது சரிவந்தால் காசைப் பற்றிப் பேசலாம் என்பேன். தட்டிக்கழிக்கிறேன் என்று நினைப்பவர்களும் உண்டு. என்னோடு படித்த ஒரு பொடியன் கட்டணத்தில் பாதியைக் கட்டி, பறக்கவும் தொடங்கிவிட்ட பிறகுதான் அந்தப் பரிசோதனைக்குப் போனான். வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை ஒவ்வொன்றாகக் காட்டினார்கள். பாதி அட்டைகளில் அவனுக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் தனக்குப் பிரிந்து தெரிவதில்லை என்பது அதுவரை அவனுக்கே தெரியாது. பள்ளிக்கு ஆள் சேர்க்கும் அவசரத்தில், முதலில் பரிசோதனையைச் செய் என்று அவனுக்கு ஒருவரும் சொல்லவில்லை.

கண்ணாடி போட்டவர் விமானியாக முடியாது என்ற கதை எங்கள் பக்கத்தில் இன்னமும் உலாவுகிறது. அது பொய். கண்ணாடியோடு ஒவ்வொரு கண்ணும் 6/9, இரண்டு கண்ணும் சேர்ந்து 6/6 தெரிந்தால் போதும். இதய வரைபடம், செவிப்புலன், இரத்தம், சிறுநீர் எல்லாம் பார்ப்பார்கள். சான்றிதழுக்கு ஆயுள் ஒரு வருடம்தான். வருடா வருடம் ஒரு டொக்டரின் கையெழுத்தில் தொங்கும் தொழில் இது.

இனிக் காசு. இந்தப் படிப்பைப் பட்டப்படிப்பு போல வருடக் கணக்கில் பார்க்கக் கூடாது. மணித்தியாலக் கணக்கில் வாங்குகிறோம். தனியார் விமானி உரிமத்துக்குக் குறைந்தது 40 மணித்தியாலம் பறந்திருக்க வேண்டும். வர்த்தக விமானி உரிமத்துக்கு 200. முழுநேரமாக ஒரே அங்கீகரிக்கப்பட்ட பாடத்திட்டத்தில் படித்தால் 150. அதன் மேல் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதி, இரட்டை எஞ்சின் தகுதி. பயிற்சி விமானமான செஸ்னாவின் புரொப்பெல்லர் சுழலும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பெற்றோல், பயிற்றுநர், பராமரிப்பு என்று பில் ஓடும். அந்த நீல நிறப் பெற்றோல் டொலர் கொடுத்து இறக்குமதியாவது. 2022 மார்ச்சிலிருந்து சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியபோது, ரூபாயில் கணக்குப் போட்டு வைத்திருந்த பிள்ளைகள் பாதி வழியில் நின்றார்கள்.

எங்கள் வீட்டில் அது வேறு விதமான கணக்காக இருந்தது. மட்டக்களப்புப் பக்கம் காணியும் வீடும் பெண் பிள்ளைக்கு. ஆண் பிள்ளை கட்டிய இடத்துக்குப் போகிறவன். வாவிக்கு அங்கால், படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைப் பக்கம் அம்மாவுக்கு வந்த வயல் ஒன்று இருந்தது. அது தங்கச்சியின் பங்கு என்று அவள் பிறந்த நாளிலேயே முடிவான விஷயம். அதை விற்று எனக்குப் பறக்கக் கொடுப்பது என்றால் கேட்கவேண்டியது அப்பாவை அல்ல, மாமாவை. அம்மாவின் தமையன். சம்மதம் என்றும் சொல்லாமல் இல்லை என்றும் சொல்லாமல் மாமா பல நாள் இழுத்தார். கடைசியில் தங்கச்சிதான் வாய் திறந்தாள். "வயல் ஓடிப்போகாது மாமா, அண்ணனுக்கு வயசு ஓடிரும்." வயலை விற்றோம். வேலை கிடைத்த பிறகு அவளுக்கு வளவில் வீடு கட்டிக் கொடுத்தேன், வயலை மீட்க முடியவில்லை. வாங்கினவர் விற்கிற எண்ணத்தில் இல்லை.

இரத்மலானையில்தான் படித்தேன். இலங்கையின் சிறுவிமானப் பள்ளிகள் பெரும்பாலும் அங்கேதான். 1935 நவம்பர் 27இல் அங்கே முதன்முதலாக இறங்கியது சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டல் பிஸ்கோ ஓட்டிவந்த ஒரு சிறிய புஸ் மொத் விமானம். 1947 டிசம்பரில் எயார் சிலோனின் முதல் பயணமும் இங்கிருந்துதான், காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்கு. இந்தத் தொழில் நம் பக்கத்துக்குச் சென்னை வழியாக வந்தது என்பது எனக்குப் பிடித்த தகவல். வகுப்பில் நான் ஒருவன்தான் தமிழ் என்ற நாட்களில் அதை நினைத்துக்கொள்வேன்.

என் முதல் பயிற்றுநர் விமானப்படையில் இருந்து ஓய்வுபெற்ற சிங்களவர். ஊர் எது என்று கேட்டார். மட்டக்களப்பு என்றேன். எந்த இடம் என்றார். ஆரையம்பதி என்றதும் தலையாட்டினார், அந்த இடம் தெரிந்த மனிதரின் தலையாட்டல். எங்கள் அம்மாவுக்கு மேலே சத்தம் கேட்டால் இன்றைக்கும் முதலில் கை போவது பக்கத்தில் நிற்கும் பிள்ளையின் தலைக்கு. ஹெலி, பொம்மர் என்று சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்லும் யுத்தகாலத் தலைமுறை அது. பயிற்றுநர் எந்த விமானத்தை எங்கே ஓட்டினார் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு என்னை, சிங்களத்தில் தம்பி என்று பொருள்படும் "மல்லி" என்றுதான் கூப்பிட்டார். நான் அறிந்த பயிற்றுநர்களில் இவ்வளவு பொறுமைசாலி வேறில்லை.

விமானத்தில் ஏறுவதற்கு முன் அதைச் சுற்றி நடக்கவேண்டும். பயணிகள் பார்த்திருப்பார்கள், அது வெறும் சடங்கு என்றும் நினைத்திருப்பார்கள். தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் பெற்றோலைக் குப்பியில் வடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவேண்டும். நீலமாக இருந்தால் சரியான பெற்றோல். அடியில் தெளிவான குமிழ் உருண்டால் அது தண்ணீர். ஈரமான இரவு கழிந்த காலையில் வரும். சிறகின் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் பிட்டோட் குழாய் காற்றின் அழுத்தத்தை வாங்கி வேகத்தைக் காட்டுவது. அதற்கு உறை போடாமல் விட்டால் எங்கள் நாட்டில் குளவி மண்கூடு கட்டிவிடும். சிரித்துக்கொண்டே சொல்வார்கள், சிரிக்கிற விஷயமில்லை. 1996 பெப்ரவரியில் டொமினிக்கன் குடியரசில் பேர்ஜன்எயார் விமானம் ஒன்று கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். சில வாரங்கள் நிறுத்தி வைத்திருந்த விமானம், அடைபட்ட பிட்டோட் குழாய், பொய் சொன்ன வேகமானி. குளவிக்கூடாகத்தான் இருக்கும் என்பது விசாரணையாளர்களின் ஊகம்.

விமானத்தை ஓட்டுவது எதிர்பார்த்ததைவிட இலகு. நேரே வைத்திருக்க, ஏற, இறங்க, திரும்ப ஒரு சாதாரண பிள்ளை சில நாட்களில் பழகிவிடும். கஷ்டப்படுத்தியது ரேடியோ. புத்தக ஆங்கிலம் எனக்கு வரும். ஹெட்செட்டுக்குள் இரைச்சலோடு, வேகமாக, மூச்சு விடாமல் வரும் ஆங்கிலம் வேறு. மூன்றை "ட்ரீ" என்றும் ஒன்பதை "நைனர்" என்றும் சொல்லவேண்டும், இரைச்சலில் பிரிந்து கேட்பதற்காக. கட்டுப்பாட்டாளர் சொன்ன ஓடுபாதை, உயரம், அழுத்த அளவு எல்லாவற்றையும் திருப்பி ஒப்புவிக்கவேண்டும். "விளங்கியது" என்று மட்டும் சொன்னால் அவர் விடமாட்டார். மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரியில் தேவாரம் ஒப்புவித்த பழக்கம் இங்கே கைகொடுத்தது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் ஆங்கிலத்துக்கு ஆறு படிகள் வைத்திருக்கிறது. நான்காம் படி இல்லாமல் வெளிநாட்டு வானத்தில் பறக்க முடியாது.

இவ்வளவு கண்டிப்பு ஏன் என்று வகுப்பில் கேட்டபோது பயிற்றுநர் டெனரீஃப் கதையைச் சொன்னார். 1977 மார்ச் 27, கனேரித் தீவுகள். மூடுபனிக்குள் ஒரே ஓடுபாதையில் இரண்டு ஜம்போ. ஒன்றின் தலைமை விமானி அனுமதி கிடைத்துவிட்டது என்று நம்பி வேகமெடுத்தார். 583 பேர் இறந்தார்கள். அதன் பிறகு, கிளம்புவதற்கான உண்மையான அனுமதியையும் அதை ரத்துச் செய்வதையும் தவிர வேறு எந்த இடத்திலும் ரேடியோவில் "டேக் ஓஃப்" என்று சொல்வதில்லை. அந்தக் கதையில் எனக்குள் தங்கியது இன்னொரு பகுதி. அந்த விமானியறையில் இருந்த பறப்புப் பொறியியலாளர், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்று சந்தேகமாகக் கேட்டார். தலைமை விமானி விலகிவிட்டது என்று அழுத்திச் சொன்னார். மூத்தவர் சொன்னதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. இதற்குத் திரும்ப வருவேன்.

வளிமண்டலவியல் வகுப்பில்தான் நான் முதன்முறையாகத் தலை நிமிர்ந்தேன். பயிற்றுநர் பலகையில் அல்ப்ஸ் மலையை வரைந்து, ஃபோன் காற்று என்று எழுதினார். ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து மழையாகக் கொட்டும். கொட்டிய பிறகு மறுபக்கம் இறங்கும் காற்று ஆயிரம் அடிக்கு மூன்று பாகை வீதம் சூடேறும். ஏறும்போது குளிர்ந்ததைவிட இறங்கும்போது கூடுதலாகச் சூடேறுவதால், அடிவாரத்துக்கு வருவது வரண்ட அனல். நான் கையை உயர்த்தி, "சேர், இது எங்கள் ஊர்க் கச்சான்" என்றேன்.

வைகாசிக்கும் புரட்டாசிக்கும் இடையில் எங்கள் ஊரில் அடிப்பது அதுதான். தென்மேற்குப் பருவக்காற்று இரத்தினபுரியையும் நுவரெலியாவையும் நனைத்துவிட்டு, கையில் ஒன்றுமில்லாமல் மலை இறங்கி மட்டக்களப்புக்கு வரும். உதடு வெடிக்கும். பின்னேரத்தில் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரைப் பக்கம் அலை அடிக்கும். அதே நேரம் கடல் பக்கம் காற்று கரையிலிருந்து போவதால் தளம்பல் குறைவாக இருக்கும். கச்சானில் வாவிக்குள் எந்த நேரத்துக்குப் பிறகு தோணி இறக்கக் கூடாது என்று மாமாவுக்குத் தெரியும். ஏன் என்று கேட்டால் "காத்துக்குப் போக்கிடம் இல்ல" என்பார். வாடை வேறு, மழையோடு வருவது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைப் புரட்டிப்போட்ட சூறாவளி வந்ததும் வாடை தொடங்குகிற காலத்தில். பேர் மட்டும் புதிதாகப் படித்தேனே தவிர, காற்றை மதிப்பது எனக்குப் பாடமாகத் தோன்றவில்லை. கொழும்புப் பிள்ளைகள் காற்றின் திசையைக் கணிப்பானில் போட்டுப் பார்த்தார்கள். நான் முதலில் மரத்தைப் பார்ப்பேன்.

இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. கணிப்பானும் வேண்டும்.

தனியார் உரிமம் எடுத்த பிறகு மணித்தியாலம் சேர்க்கும் காலம் வரும். தனியே பறந்து சேர்க்கவேண்டும். வர்த்தக உரிமத்துக்கு ஒரு நீண்ட தனிப்பயணமும் கட்டாயம்: குறைந்தது 300 கடல் மைல், வழியில் வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி நிற்கவேண்டும். வரைபடத்தில் அளவுகோலை வைத்துப் பார்த்தேன். இரத்மலானையிலிருந்து மட்டக்களப்பு, அங்கிருந்து திருகோணமலை சீனன்குடா, அங்கிருந்து திரும்ப இரத்மலானை. முக்கோணம் 300ஐச் சற்றே தாண்டியது. எனக்கென்றே வரைந்தது போலிருந்தது.

மட்டக்களப்பு விமான நிலையம் திமிலைதீவுப் பக்கம், வாவி சுற்றி வளைத்த நிலத்தில் இருக்கிறது. 1958இல் கட்டியது. 1983இலிருந்து விமானப்படையின் கையில். நான் படிக்கிற காலத்தில்தான் அது சிவில் விமானங்களுக்குத் திரும்பத் திறந்திருந்தது, 2018 மார்ச்சில் சர்வதேச விமான நிலையம் என்றும் அறிவித்தார்கள். சிறுவயதில் அந்தப் பக்கம் பார்க்கவே பயந்த ஓடுபாதையில் நான் இறங்கப்போகிறேன் என்று வீட்டில் சொன்னதும் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. கந்தசுவாமி கோயிலில் அம்மா அருச்சனையும் செய்துவிட்டார்.

இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு நேர்கோடு போட்டால் 119 கடல் மைல், ஏறத்தாழ 220 கிலோமீற்றர். உதயதேவி ரயில் பகல் பொழுதின் பெரும்பகுதியைத் தின்னும் பயணத்தை செஸ்னா 172 ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலாக எடுத்து முடிக்கும். அந்தக் கோடு கண்டிக்குச் சற்றுத் தெற்கே போய், விக்டோரியா நீர்த்தேக்கத்தைத் தாண்டி, மகியங்கனைக்கும் மகாஓயாவுக்கும் மேலாக, உன்னிச்சைக் குளத்தின் பக்கத்தால் வாவிக்கு வரும். வலப்பக்கம் 8,281 அடி பீதுருதாலகாலை, இடப்பக்கம் நக்கிள்ஸ். கிழக்கே போகிறவர் ஒற்றைப்படை ஆயிரத்தோடு ஐந்நூறு அடியில் பறக்கவேண்டும், மேற்கே வருகிறவர் இரட்டைப்படை ஆயிரத்தோடு ஐந்நூறில். போக 9,500, வர 8,500 என்று திட்டம் எழுதினேன்.

ஒற்றை எஞ்சின் விமானத்தில் மலைக்கு மேலே போகும்போது கண் கீழேதான் இருக்கும். எஞ்சின் நின்றால் செஸ்னா 172 ஆயிரம் அடி இறங்குவதற்குள் ஒன்றரைக் கடல் மைல் தூரம் சறுக்கிப் போகும். அதற்குள் ஒரு வயல் வேண்டும். வரைபடம் வயல் என்று மட்டும் காட்டும். தண்ணீர் கட்டிய வயலில் சக்கரம் புதைந்து விமானம் மூக்குக்குப்புற விழும், அறுத்து முடிந்த வயல் கட்டாந்தரை. எந்த மாதம் எந்தப் பக்கம் அறுவடை என்பது படுவான்கரையில் வயல் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைக்குச் சொல்லித்தரத் தேவையில்லை.

ஐப்பசி. பருவக்காற்றுகள் மாறும் இடைக்காலம். காலையில் வானம் கழுவி விட்டது மாதிரி இருக்கும், மதியத்துக்குப் பின் உள்நாட்டில் இடி. விடிந்ததும் கிளம்புவதாகத் திட்டம். அனுமதிக் கடிதம் ஒன்று வரப் பிந்தியது, அதனால் கிளம்பவும் பிந்தியது. கண்டி வரைக்கும் பிரச்சினை இல்லை. விக்டோரியா அணையின் வளைவு தெளிவாகத் தெரிந்தது. மகியங்கனையின் வெள்ளைத் தாதுகோபத்தையும் மகாவலியின் வளைவையும் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொண்டேன், திட்டத்துக்கும் கடிகாரத்துக்கும் ஒரு நிமிட வித்தியாசம்கூட இல்லை. தலையை நிமிர்த்தினால் முன்னே மகாஓயாப் பக்கம் மேகம் கோபுரம் கோபுரமாக ஏறி நின்றது. இடையில் ஒரு வாசல். வாசலுக்கு அப்பால் நீலம். அந்த நீலத்துக்குக் கீழேதான் வாவி, ஊர், விமான நிலைய வேலிக்கு வெளியே புதூர்ப் பக்கம் வந்து நிற்கும் அம்மா, மாமா, தங்கச்சி. தங்கச்சியின் கையில் சாப்பாட்டுப் பார்சல் இருந்ததும் எனக்குத் தெரியும், காலையில் சொல்லியிருந்தாள்.

கண்ணால் பார்த்துப் பறப்பவருக்குச் சட்டம் தெளிவு. முன்னே ஐந்து கிலோமீற்றர் தெரியவேண்டும், மேகத்திலிருந்து பக்கவாட்டில் 1,500 மீற்றரும் மேலே கீழே ஆயிரம் அடியும் விலகியிருக்கவேண்டும். அந்த வாசல் அப்போதைக்கு அதைவிட அகலம்தான். நான் போய்ச் சேரும்போது எவ்வளவு இருக்கும் என்பதே கேள்வி. 1954இல் அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். கருவிகளைப் பார்த்துப் பறக்கத் தெரியாத இருபது பேரை மேகத்துக்குள் போனது போன்ற நிலையில் விட்டுப் பார்த்தார்கள். இருபது பேரும் விமானத்தின் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 வினாடிகளில், மூன்று நிமிடத்துக்கு இரண்டு வினாடி குறைவு. உள்காதில் இருக்கும் சமநிலை உறுப்பு பொய் சொல்லும், அந்தப் பொய்யை உடம்பு முழுதும் நம்பும். அந்தப் பரிசோதனை எதற்கு நடந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: மேகத்துக்குள் மாட்டியவர் திரும்பி வெளியே வருவதற்கு ஒரு எளிய முறையை அந்த இருபது பேருக்கும் கற்பித்துச் சோதிப்பதற்கு.

மகியங்கனைக்கு மேலே கிறுகினேன். இடப்பக்கம் மெதுவாக, கீழே நிலத்தைப் பார்த்தபடி, 8,500க்கு இறங்கி, வந்த வழியே. ரேடியோவில் சொன்னேன். கட்டுப்பாட்டாளர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

இரத்மலானையில் இறங்கி விமானத்தைக் கட்டிவிட்டு மாமாவுக்கு அழைத்தேன். என்ன சொல்வாரோ என்று தயக்கம். வயலை விற்ற காசில் பறக்கிற பிள்ளை, ஊரைக் கூட்டி வேலியில் நிறுத்திவிட்டு வராமல் போன பிள்ளை. மாமா கேட்டுவிட்டுச் சொன்னார்: "காத்துச் சரியில்லாட்டித் தோணியக் கரையில இழுத்துப் போட்டுட்டு வீட்ட வாறதுதானே மனே. அதுக்கென்ன." பின்னால் அம்மாவின் குரல், சாப்பிட்டானா என்று கேள் என்று. பயிற்றுநர் என் பறப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போடும்போது மட்டும் ஒரு நொடி நிமிர்ந்து பார்த்தார். இவனைக் கவலையில்லாமல் தனியே விடலாம் என்று அன்றைக்குத்தான் முடிவெடுத்ததாகப் பிறகு சொன்னார்.

பிறகொரு நாள் போனேன். வாவி மேலேயிருந்து பார்த்தால் கண்ணுக்குப் பழகிய நீர் இல்லை, கிளைவிட்டுப் பரந்த வேறொன்று. வடக்கே பாலமீன்மடு வெளிச்சவீடு, பிறகு கல்லடிப் பாலம், தெற்கே 2014இல் திறந்த மண்முனைப் பாலம். அதற்கு முன் அங்கே பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறித்தான் வயலுக்குப் போவோம். கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் ஊர் இருக்கும் நிலம் எவ்வளவு ஒடுக்கம் என்று அன்றைக்குத்தான் கண்டேன். கல்லடிக்கு நேரே கடலுக்குள் ஹெர்மிஸ் கிடக்கிறது. விமானம் தாங்குவதற்கென்றே வடிவமைத்த உலகின் முதல் கப்பல். 1942 ஏப்ரல் 9இல் ஜப்பானிய விமானங்கள் அதை மூழ்கடித்தபோது அதன் மேல்தளத்தில் ஒரு விமானமும் இருக்கவில்லை, திருகோணமலையில் இறக்கிவிட்டு வந்திருந்தது. மேலேயிருந்து ஒன்றும் தெரியாது. தெரியாது என்று தெரிந்தும் எட்டிப் பார்த்தேன்.

இரவுப் பறப்பைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். கரையை விட்டு இரவில் கடலுக்கு மேலே போனால் அடிவானம் இல்லை. மேலே நட்சத்திரம், கீழே மீன்பிடி வள்ளங்களின் விளக்கு. எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று கண் கண்டுபிடிக்காது. விளக்கை நட்சத்திரமென்று எடுத்துவிட்டால் சரிந்து பறப்பதை நேரே பறப்பதாக உடம்பு நம்பும். மாமா அப்படியொரு விளக்கோடு இரவில் வள்ளத்தில் இருந்தவர். என் பார்வையில் அவர் நட்சத்திரமாகத் தெரிந்திருப்பார் என்று சொன்னேன், சிரிக்கவில்லை, "விளக்கப் பாக்காத, உன்ர மணிக்கூட்டப் பார்" என்றார். செயற்கை அடிவானக் கருவியை அவர் மணிக்கூடு என்பார்.

உரிமம் கையில் வந்த பிறகான காலத்தைப் பற்றி யாரும் பள்ளியில் விளம்பரம் செய்வதில்லை. 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளோடு சுற்றுலா நின்றது. 2020 மார்ச்சில் விமான நிலையங்களே மூடப்பட்டன. உலகம் முழுக்க அனுபவமுள்ள விமானிகள் வேலையிழந்து நின்ற வரிசையில் இருநூறு மணித்தியாலக்காரனுக்கு இடமேது? பயிற்றுநர் தகுதி எடுத்து, சிறு விமானத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பித்தேன். வேலைக்கு விண்ணப்பித்த இடங்கள் பல, பதிலே போடாத இடங்கள் அதைவிடப் பல. ஒரு நிறுவனம் ஏ320 விமானத்தை ஓட்டுவதற்கான வகைத் தகுதிப் பயிற்சிக்குப் பணம் கட்டச்சொல்லி, கட்டிய பிறகு வேலை இல்லை என்றது. அழைக்கிற பெற்றோரிடம் நான் சொல்லும் இரண்டாவது விஷயம் இதுதான்: வேலை எழுத்தில் இல்லாமல் வகைத் தகுதிக்குக் காசு கட்டாதீர்கள். அந்த வருடங்களில் பட்டம் ஒன்றையும் தொலைக்கல்வியில் முடித்துவைத்திருந்தேன். வங்கியில் சேர்ந்துவிடு என்றார் அப்பா. சேர்ந்திருக்கவும் கூடும். வளைகுடா நாடொன்றிலிருந்து அழைப்பு வந்ததால் சேரவில்லை.

பெரிய விமானத்துக்கான பயிற்சி சிமுலேட்டர் என்ற அசையும் பெட்டி ஒன்றுக்குள் நடக்கிறது. கிளம்பும் தறுவாயில் ஒரு எஞ்சினை நிறுத்துவார்கள், தீ வைப்பார்கள், புகை விடுவார்கள். கை வேலை சீக்கிரம் வந்துவிடும். எனக்கு வராமல் நின்றது வாய். விமானியறையில் இருவர்: ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கவனித்துக்கொண்டு ரேடியோ பேசுவார். ஓட்டுகிறவர் பிழை விட்டால் கவனிக்கிறவர் சொல்லவேண்டும், அவர் தலைமை விமானியாக இருந்தாலும், இருபதாயிரம் மணித்தியாலம் பறந்தவராக இருந்தாலும். 1978 டிசம்பரில் அமெரிக்காவின் போர்ட்லண்டில் யுனைட்டட் விமானம் ஒன்று சக்கரக் கோளாறை ஆராய்ந்துகொண்டே வட்டமிட்டு, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. எரிபொருள் குறைகிறது என்று மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. சொல்லவும் செய்தார்கள், ஆனால் தலைமை விமானிக்கு உறைக்கும்படி சொல்லவில்லை. அதன் பின்தான் இதை ஒரு பாடமாகவே உலகம் கற்பிக்கத் தொடங்கியது.

மாமாவுக்கு முன்னால் உட்கார்ந்து பேசாத வீட்டில் வளர்ந்தவன் நான். பெரியவர் தவறினால் "அப்படியும் இருக்குமோ" என்று நிலத்தைப் பார்த்துச் சொல்வதுதான் எங்கள் மரியாதை. சிமுலேட்டரில் பரிசோதகர் வேண்டுமென்றே பிழையாக ஓட்டுவார், நான் வாய்க்குள் முணுமுணுப்பேன். அவர் நிறுத்திவிட்டு, "யாரிடம் சொன்னாய்? கண்ணாடியிடமா?" என்று கேட்பார். சொல்லும் வரிசையைப் பழக்கினார்கள். முதலில் கண்டதைச் சொல், பிறகு கவலையைச் சொல், பிறகு செய்யவேண்டியதைச் சொல், அதுவும் சரிவராவிட்டால் கட்டளையாகச் சொல். எனக்கு அந்த நான்காவது படிதான் மலை.

வேலையில் சேர்ந்து சில மாதம் கழிந்து ஒரு மதியம். ஓட்டியவர் என் தகப்பன் வயதுத் தலைமை விமானி, ஊரில் என்றால் எழுந்து நிற்பேன். தரையிறங்க வரும்போது பாலைவனச் சூட்டில் காற்று தூக்கிப் போட்டது. எங்கள் நிறுவன விதியில் ஆயிரம் அடிக்குள் வேகம், இறங்கும் வீதம், சக்கரம், சிறகு மடிப்பு எல்லாம் நிலைப்பட்டிருக்கவேண்டும். வேகம் கூட இருந்தது. சொன்னேன். "திருத்துகிறேன்" என்றார். ஐந்நூறு அடியிலும் கூட இருந்தது. "கோ அரவுண்ட்" என்றேன், கட்டளையாக, கண்ணாடியிடம் அல்ல. அவர் அந்த நொடியே எஞ்சின் வலுவைக் கூட்டி மூக்கை உயர்த்தினார். சுற்றிவந்து இறங்கினோம். விமானத்தை நிறுத்திய பிறகு அறிக்கைப் படிவத்தில் காரணம் என்ற கட்டத்தில் "நிலைப்படாத அணுகல்" என்று அவரே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிறகு தேத்தண்ணி குடிக்கப் போகலாமா என்று கேட்டார். திரும்பும் பயணத்துக்கு இன்னும் ஐம்பது நிமிடம் இருந்தது, அதில் எரிபொருள் கணக்கை நான் போடவேண்டியிருந்தது.